எட்ஸா: ஒரு எஸ்.எம்.எஸ்., மூணு கூட்டம், கொஞ்சம் கணக்கு

பிலிப்பைன்ஸ் நாட்டு அரசியல் வரலாற்றைப் படிக்க ஆரம்பிச்சா ஒரு சாலையோட பெயர் திரும்பத் திரும்ப வரும். எட்ஸா. 'எப்பிஃபானியோ டி லோஸ் சாண்டோஸ் அவென்யூ' என்ற ரயில்பெட்டி நீளப் பெயரின் சுருக்கம். மணிலா மாநகரை வளைத்துக்கொண்டு போகும், எந்நேரமும் டிராஃபிக்கில் திணறும் நெடுஞ்சாலை. இந்தச் சாலையில் மக்கள் வந்து நின்றதால் 1986-ல் ஒரு அதிபர் நாட்டை விட்டே ஓடினார். 2001-ல் இன்னொரு அதிபர் மாளிகையைக் காலி செய்தார். ரெண்டாவது தடவை கூட்டத்தைச் சேர்த்தது எஸ்.எம்.எஸ்.தான் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. செல்போன் கையில் வந்தாச்சு, இனி ஜனநாயகம் தானா வலுவாகிடும்னு நம்பினவங்களுக்கு இதுதான் முதல் உதாரணம். எகிப்து, துனிசியா, ஃபேஸ்புக் புரட்சி எல்லாம் அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு.

ஆனா எஸ்.எம்.எஸ். கதையோட நிறுத்திட்டா அது பாதிக் கதை. அதே 2001-ல், மூணே மாசம் கழிச்சு, அதே இடத்தில் இன்னொரு கூட்டம் கூடியது. அதைப் பத்தி யாரும் அவ்வளவா பேசறதில்லை. அதேபோல 1986 கதைக்குள்ள நம்ம தொழில்காரங்க சிலர் செய்த ஒரு காரியம் ஒளிஞ்சிருக்கு. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். கொஞ்சம் நீளமான பதிவுதான், டீயோட உட்காருங்க.

எழுந்து போன புரோகிராமர்கள்

1986 பிப்ரவரி 7. இருபது வருஷமா ஆட்சியில் இருந்த ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் திடீர்னு அறிவித்த தேர்தல். எதிர்த்து நின்றவர் கொரஸோன் அக்கினோ. கணவர் பெனிக்னோ அக்கினோ 1983-ல் மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

வாக்கு எண்ணிக்கை ரெண்டு இடத்தில் தனித்தனியா நடந்தது. ஒண்ணு அரசுத் தேர்தல் ஆணையமான கோமெலெக் நடத்தியது. இன்னொண்ணு நம்ஃப்ரெல் என்ற தன்னார்வ அமைப்பு நடத்தியது. லட்சக்கணக்கான தொண்டர்கள் வாக்குச்சாவடிகளில் உட்கார்ந்து, அங்கே அறிவித்த எண்ணை எழுதிக்கொண்டு வந்து கூட்டினார்கள். பேப்பர், பேனா, போன். கோமெலெக் பக்கம் கம்ப்யூட்டர். மாநாட்டு மையம் ஒன்றில் டெர்மினல்களைப் போட்டு, வரும் எண்களை உள்ளே தட்டி, மொத்தத்தைப் பெரிய பலகையில் காட்டினார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 9 இரவு, அந்த டெர்மினல்களில் இருந்தவர்களில் ஏறக்குறைய முப்பது பேர் எழுந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். டிஸ்க்குகளையும் பிரிண்ட் அவுட்களையும் எடுத்துக்கொண்டு எல்லார் கண்ணெதிரிலும் வெளியே நடந்தார்கள். அவங்க சொன்னது ரொம்ப எளிமையான விஷயம்: எங்க கம்ப்யூட்டர்ல இருக்கற எண்ணும் பலகையில காட்டற எண்ணும் ஒத்துப் போகலை. முன்னால் நின்று நடத்தியவர் லிண்டா கபுனான். வெளியே வந்ததும் பக்லாரன் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். ராணுவ ஆட்சி பார்த்த நாட்டில் இது விளையாட்டு இல்லை. வேலை போகும் என்பதெல்லாம் ரெண்டாம் பட்சம், உயிர் போகலாம்.

இதில் எனக்கு ஆச்சரியமா இருப்பது அவங்க செய்யாமல் விட்டது. மேடை ஏறிப் பேசலை, கோஷம் போடலை. 'டோட்டல் டேலி ஆகலை' என்றார்கள். நாம தினமும் ஆபீஸ்ல ஆணி புடுங்கும்போது சொல்ற அதே வாக்கியம். ஆனா சொன்ன இடமும் நேரமும் வேற.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நாடாளுமன்றம் மார்க்கோஸ் ஜெயித்ததாக அறிவித்தது. பிப்ரவரி 22-ல் பாதுகாப்பு அமைச்சரும் ராணுவத் துணைத் தளபதியும் மார்க்கோஸை விட்டு விலகி எட்ஸா சாலையோரம் இருந்த முகாம்களுக்குள் புகுந்தார்கள். கார்டினல் ஹைமே சின் ரேடியோ வெரிட்டாஸ் வழியா மக்களைக் கூப்பிட்டார். மக்கள் ஜெபமாலையோட டாங்கிகளுக்கு முன்னால் போய் நின்றார்கள். பிப்ரவரி 25-ல் மார்க்கோஸ் குடும்பம் அமெரிக்க விமானத்தில் ஏறியது.

கூட்டத்தைச் சேர்த்தது ரேடியோ. சரி. ஆனா அந்தக் கூட்டத்துக்கு ஒரு நியாயம் இருந்தது: நாங்க போட்ட ஓட்டை மாத்தி எண்ணிட்டாங்க. அந்த நியாயத்தைக் கொடுத்தது நம்ஃப்ரெல்லின் பேப்பரும், அந்த முப்பது பேர் எழுந்து நடந்த நடையும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருவேன்.

160 எழுத்து

1990-களின் கடைசியில் பிலிப்பைன்ஸில் எஸ்.எம்.எஸ். பைத்தியம் பிடித்தது. போன் பேசினால் காசு அதிகம், எஸ்.எம்.எஸ். முதலில் சும்மா, பிறகு ஒரு பெசோ. உலகத்தின் எஸ்.எம்.எஸ். தலைநகரம்னே பேர் வாங்கிட்டாங்க.

இங்கே ஒரு டெக்னிக்கல் கொசுறு. ஒரு எஸ்.எம்.எஸ். என்பது 140 பைட். எழுத்துக்கு 7 பிட் வீதம் போட்டா 160 எழுத்து வரும். தகாலோக் மொழியை ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள், அதனால முழு 160-ம் அவங்களுக்குக் கிடைச்சுது. தமிழுக்கு யூனிகோடில் 16 பிட் வேணும், அதனால 70 இடம்தான். அதிலும் 'கொடுத்தார்' என்று எழுதினால் நமக்கு அஞ்சு எழுத்து, போனுக்குப் பத்து. நாமெல்லாம் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிச்சுப் பழகினதுக்கு இதுவும் ஒரு காரணம். தொழில்நுட்பம் எல்லாருக்கும் சமம்னு சொல்றவங்க கிட்ட இந்த 70-ஐ ஒரு தடவை சொல்லிப் பாருங்க :-)

பதினொன்றுக்குப் பத்து

1998-ல் அதிபரானவர் ஜோசப் எஸ்ட்ராடா. சினிமா நடிகர். ஏழைகளுக்காகச் சண்டை போடும் ஹீரோவாக நடித்து, அந்த ஏழைகளின் ஓட்டில் ஜெயித்தவர். (இந்த மாதிரி ஆட்களை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை!) பல வேட்பாளர்கள் நின்ற தேர்தலில் ஏறக்குறைய 40 சதவீத ஓட்டு.

2000 அக்டோபரில் இலோகோஸ் சுர் மாகாண ஆளுநர் சாவிட் சிங்ஸன் குண்டைத் தூக்கிப் போட்டார். ஹ்வெதெங் என்ற சட்டவிரோத எண் சூதாட்டத்தில் வரும் பணத்தில் அதிபருக்குப் பங்கு போகுது, நானே கொடுத்தேன் என்றார். நவம்பரில் கீழவை பதவி நீக்கத் தீர்மானத்தை மேலவைக்கு அனுப்பியது. டிசம்பர் 7 முதல் செனட்டில் விசாரணை. எல்லாமே டிவியில் நேரடி ஒளிபரப்பு. மெகா சீரியல் மாதிரி நாடே உட்கார்ந்து பார்த்தது. வங்கி அதிகாரி ஒருவர், 'ஜோசே வெலார்டே' என்ற பெயரில் எஸ்ட்ராடா கையெழுத்துப் போட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன் என்று சாட்சி சொன்னார்.

2001 ஜனவரி 16 இரவு. வங்கி ஆவணங்கள் இருந்த ஓர் உறையைத் திறக்கலாமா வேண்டாமா என்று செனட்டில் வாக்கெடுப்பு. வேண்டாம் 11, திறக்கலாம் 10. அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் வெளியேறினார்கள். செனட் தலைவர் ராஜினாமாவை அறிவித்தார். அடுத்த ஓரிரு மணி நேரத்துக்குள் போன்களில் செய்தி பறந்தது. எட்ஸாவுக்கு வா, கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு வா. அவ்வளவுதான் மேட்டர். அன்றிரவே ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், அடுத்த நாட்களில் லட்சக்கணக்கில். 19-ம் தேதி முப்படைத் தளபதி ஏஞ்சலோ ரேயெஸ் கூட்டத்தின் பக்கம் வந்தார். 20-ம் தேதி துணை அதிபர் குளோரியா மகபகால் அரோயோ எட்ஸா ஆலயத்தில் பதவியேற்றார். எஸ்ட்ராடா மாளிகையின் பின்பக்கமாகப் படகில் ஏறிப் பாசிக் ஆற்றைக் கடந்தார்.

இப்ப கணக்கு. அந்த நேரத்தில் பிலிப்பைன்ஸில் நூறு பேருக்குப் பத்து செல்போன்கூட இல்லை. அந்த எஸ்.எம்.எஸ். யாருக்குப் போயிருக்கும்? ஒருத்தர் போன் புக்கில் இருப்பவர்களுக்கு. போன் புக்கில் யார் இருப்பார்கள்? கூடப் படிச்சவங்க, ஆபீஸ் நண்பர்கள், மச்சான், சித்தப்பா பையன். நம்மை மாதிரியே இருக்கறவங்க. அவங்க அனுப்பினா அவங்களை மாதிரியே இருக்கறவங்களுக்குப் போகும். எத்தனை கைமாறினாலும் ஒரே வட்டத்துக்குள்ள சுத்தி வரும். வட்டத்துக்கு உள்ளே இருக்கறவங்களுக்கு 'நாடே திரண்டுடுச்சு' என்றுதான் தோணும், அதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்லை. எஸ்ட்ராடாவுக்கு ஓட்டுப் போட்ட குடிசைப் பகுதி ஜனங்களில் பெரும்பாலோர் அந்த வட்டத்தில் இல்லை.

இன்னொரு வேடிக்கை. எஸ்ட்ராடா ராஜினாமா கடிதம் எதுவும் கொடுக்கலை. வழக்கு போட்டார். 2001 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அவர் ராஜினாமா செய்தது போலத்தான் என்று தீர்ப்பளித்தது. அதுக்கு ஆதாரமா எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, அவரது நிர்வாகச் செயலர் எட்கார்டோ அங்காராவின் டைரிக் குறிப்புகள். செய்தித்தாளில் வந்தவை!

மூணாவது கூட்டம்

ஏப்ரல் 25, 2001. ஊழல் வழக்கில் எஸ்ட்ராடா கைது. கைதிக்கு எடுக்கும் போட்டோ டிவியில் வந்தது. அன்றே ஒரு கூட்டம் எட்ஸா ஆலயத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தத் தடவை வந்தவர்கள் ஏழைகள். 'எங்க அதிபரைத் திருப்பிக் கொடு' என்பதுதான் கோரிக்கை. இவங்களைச் சேர்த்தது போன் புக் இல்லை. குடிசைப் பகுதித் தொடர்புகள், எஸ்ட்ராடா கட்சி அரசியல்வாதிகள், இக்லேசியா நி கிறிஸ்டோ என்ற சபையின் ஆதரவு. பெரிய சேனல்கள் ஆரம்பத்தில் பெரிதாகக் கண்டுகொள்ளலை. காசு கொடுத்து லாரியில் ஏத்திட்டு வந்த கூட்டம் என்றார்கள். ஜனவரியில் புரட்சி செய்த அதே போன்களில் இவங்களைக் கேலி செய்யும் எஸ்.எம்.எஸ்.கள் சுற்றின. நாத்தம், பல் இல்லை, படிப்பு இல்லை.

மே 1 அதிகாலை அந்தக் கூட்டம் அதிபர் மாளிகையை நோக்கி நடந்தது. கல்வீச்சு, துப்பாக்கிச் சூடு. சில உயிர்கள் போயின. அரோயோ 'கலக நிலை' பிரகடனம் செய்தார்.

காசு வாங்கிட்டு வந்தவங்களும் இருந்திருக்கலாம், தூண்டி விட்டவங்க நிச்சயமா இருந்தாங்க. இருந்தாலும் கேள்வி நிக்குது. ஜனவரியில் சாலையில் நின்று அதிபரை மாத்தினா 'மக்கள் சக்தி', மே மாதம் அதே இடத்தில் நின்று அதிபரை மாத்தச் சொன்னா 'கும்பலா'? எஸ்ட்ராடா யோக்கியர்னு நான் சொல்ல வரலை. 2007-ல் நாட்டைச் சூறையாடிய குற்றத்துக்காக நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அடுத்த மாதமே அரோயோ மன்னித்து விட்டார், அது தனிக் கதை. 2010 அதிபர் தேர்தலில் நின்று எஸ்ட்ராடா ரெண்டாவது இடம் வந்தார், ஏறக்குறைய 95 லட்சம் ஓட்டு. 2013-ல் மணிலா நகர மேயர். எஸ்.எம்.எஸ். துரத்தின ஆளை ஓட்டுச்சீட்டு திரும்பக் கூட்டிட்டு வந்துடுச்சு.

எனக்குப் புரிஞ்சது இதுதான். 1986 கூட்டத்தின் பின்னால் எல்லாருடைய ஓட்டும் சேர்ந்த ஓர் எண் இருந்தது. குடிசைக்காரர் ஓட்டும் பங்களாக்காரர் ஓட்டும் அதில் ஒண்ணுதான். 2001 ஜனவரி கூட்டத்தின் பின்னால் அப்படி ஒண்ணு இல்லை. சேதி கிடைச்சவங்க வந்தாங்க. வந்தவங்களே நாடு ஆனாங்க.

ஹலோ கார்சி

சேதி பரப்பும் கருவி அரோயோவையும் விடலை. 2005 ஜூனில் ஓர் ஒலிநாடா வெளியே வந்தது. 2004 தேர்தல் எண்ணிக்கை நடந்தபோது அரோயோவின் குரல் மாதிரியே ஒரு பெண் குரல், தேர்தல் ஆணையர் விர்ஜிலியோ கார்சியானோவுடன் தன் முன்னிலை பத்து லட்சத்துக்குக் குறையாமல் இருக்குமா என்ற ரீதியில் பேசுகிறது. ஒலிபரப்பினால் நடவடிக்கை என்று ஊடகங்களுக்கு எச்சரிக்கை வந்தது. ஜனங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? 'ஹலோ கார்சி'யை ரிங்டோன் ஆக்கிட்டாங்க! பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் போன் அடிச்சா அதிபர் குரல். ஜூன் 27-ல் அரோயோ டிவியில் தோன்றி, பேசியது நான்தான், மன்னிக்கணும் என்றார். தேர்தல் முடிவை மாத்தலை என்றும் சொன்னார்.

விஷயம் தெரியாதவங்க நாட்டில் யாருமே இல்லை. ஆனாலும் பதவி நீக்க மனுவைச் செப்டம்பரில் கீழவை தள்ளுபடி செய்தது. அரோயோ 2010 வரை இருந்தார். விஷயம் எல்லாருக்கும் தெரிவது வேற, அதை வெச்சு ஏதாவது நடப்பது வேற.

கார்சி கலாட்டாவுக்குப் பிறகு 'மனுஷனே தொடக்கூடாது, மெஷின் எண்ணட்டும்' என்ற குரல் வலுத்தது. 2010 மே 10-ல் முதல் முறையாக நாடு முழுக்க வாக்குச்சீட்டை ஸ்கேன் செய்யும் இயந்திரங்கள். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் சோதனை செய்தபோது ஓட்டுகள் தப்பாக விழுந்தன. காரணம், சீட்டில் அச்சடித்த வரி இடைவெளி ஒரு மாதிரி, மெமரி கார்டில் செட்டிங் வேற மாதிரி. 76,000 கார்டுகளைத் திரும்ப வாங்கி ஒரே வாரத்தில் மாத்தினாங்க. ரிலீஸுக்கு முந்தின வாரம் புரொடக்‌ஷன்ல கை வெச்சவங்களுக்கு அந்த வயித்துக்கலக்கம் புரியும். நல்ல வேளை, சீட்டு பேப்பரா இருந்துச்சு. சந்தேகம் வந்தா எடுத்துக் கையால எண்ணலாம்.

இலவச ஃபேஸ்புக்

2013 ஆகஸ்ட் 26-ல் மணிலா லுனேட்டா பூங்காவில் 'பத்து லட்சம் பேர் பேரணி'. எம்.பி.க்களின் தொகுதி நிதியில் நடந்த கொள்ளையை எதிர்த்து. ஃபேஸ்புக் பதிவில் இருந்து கிளம்பியது, தலைவர் என்று யாரும் இல்லை. இந்த முறை கூட்டத்தின் கையில் ஒரு பேப்பர் இருந்தது: அரசுத் தணிக்கைத் துறையின் சிறப்பு அறிக்கை. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நிதித் திட்டமே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது.

அதே ஆண்டில் செல்போன் நிறுவனங்கள் ஃபேஸ்புக்கை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தன. 2001-ல் வட்டத்துக்கு வெளியே நின்ற ஜனங்க உள்ளே வந்தாச்சு. சந்தோஷமான விஷயம்தானே? ஆனா இலவசம் ஃபேஸ்புக்குக்கு மட்டும். ஒரு செய்தியின் லிங்க்கைத் தட்டி வெளியே போனால் டேட்டாவுக்குக் காசு. அதனால தலைப்பு மட்டும் சும்மா கிடைக்கும், செய்தி கிடைக்காது. சரிபார்க்கறதுக்குத்தான் காசு!

2016 மே மாதம் நடந்த அதிபர் தேர்தலில் ரோட்ரிகோ டுடெர்டே ஜெயித்தார். அந்த அக்டோபரில் ராப்ளர் இணைய இதழின் மரியா ரெஸ்ஸா, போலிக் கணக்குகள் எப்படிக் கூட்டமாகச் செயல்படுகின்றன என்று தொடர் கட்டுரை வெளியிட்டார். அவருக்கே வசை மழை பெய்தது. 2018-ல் ஃபேஸ்புக்கின் உயர் அதிகாரி ஒருவரே, இந்த நோயில் பிலிப்பைன்ஸ்தான் முதல் நோயாளி என்ற அர்த்தத்தில் பேசினார். 2019 மார்ச்சில் 200 பக்கங்கள், குழுக்கள், கணக்குகளை ஃபேஸ்புக் நீக்கியது. டுடெர்டேவின் 2016 சமூக ஊடகப் பொறுப்பாளர் அமைத்த வலை என்று அதுவே சொன்னது. ரெஸ்ஸாவுக்கு 2021-ல் அமைதிக்கான நோபல். 2022-ல் அதிபரானவர், மார்க்கோஸின் மகன் மார்க்கோஸ் ஜூனியர். 3 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் ஓட்டு. அப்பாவின் காலம் பொற்காலம் என்ற வீடியோக்கள் பல வருஷமா ஓடிக்கிட்டு இருந்தன.

வீடியோ மட்டுமே ஜெயிக்க வெச்சதுன்னு சொல்லிட்டா அது ஓட்டுப் போட்ட ஜனங்களைத் திரும்பவும் 'பல் இல்லாத கும்பல்' ஆக்கற வேலை. எட்ஸாவுக்கு அப்புறம் வந்த ஆட்சிகள் குடிசைக்குள் என்ன கொண்டு வந்து கொடுத்தன என்ற கேள்வியும் இருக்கு. எஸ்.எம்.எஸ். போகாத இடத்தில் யாரோ ஒருத்தர் கதை சொல்ல வந்தார், கேட்டாங்க.

டேலி ஆகுதா?

கடைசியா ஒண்ணு. 2025 ஆகஸ்டில், வெள்ளத் தடுப்புப் பணிகளில் ஊழல் என்ற புகார் கிளம்ப, மார்க்கோஸ் ஜூனியர் அரசே ஒரு இணையதளத்தில் பட்டியல் போட்டது. 9,855 பணிகள், 545 பில்லியன் பெசோ. எந்த ஊர், எந்த கான்ட்ராக்டர், எவ்வளவு காசு. ஜனங்க தங்கள் தெருவோரம் இருக்கும் ஆத்தங்கரையை எட்டிப் பார்த்து, இங்கே சுவரே இல்லையே என்று புகார் போட்டாங்க. புலகான் மாகாணம் பலியுவாக்கில் 5 கோடியே 50 லட்சம் பெசோவில் 'முடிந்துவிட்டது' என்று கணக்கில் இருந்த தடுப்புச் சுவரை அதிபரே பார்க்கப் போனார். சுவர் இல்லை. செப்டம்பர் 21-ல் எட்ஸாவிலும் லுனேட்டாவிலும் மறுபடி கூட்டம்.

யார் குற்றவாளி, யார் தப்பிப்பார் என்பதை வழக்குகள் சொல்லட்டும். எனக்கு இதில் பிடிச்சது ஆத்தங்கரையில் நின்னு பட்டியலையும் சுவரையும் ஒப்பிட்ட ஆள். அவர் செஞ்சது 1986-ல் அந்த முப்பது பேர் செஞ்ச அதே வேலை. பலகையில் ஒண்ணு இருக்கு, நிஜத்தில் வேற இருக்கு, ஒத்துப் போகலை. அதுக்கு ஃபார்வர்ட் பட்டன் போதாது. திறந்து வெச்ச கணக்கு வேணும், அதை எட்டிப் பார்க்கற வசதி போன் புக்குல இல்லாதவனுக்கும் வேணும்.

நம்மில் பாதிப் பேர் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கறவங்க. ஷேர் பட்டன் எங்க வெச்சா ஜனங்க தட்டுவாங்கன்னு மீட்டிங் போட்டு யோசிக்கறோம். 'இந்த எண் எங்கிருந்து வந்துச்சு' என்று பார்க்கற பட்டனுக்கு எந்த ஸ்பிரிண்ட்லயாவது இடம் கொடுத்திருக்கோமா? பின்னூட்டத்துல சொல்லுங்க.

கொசுறு: ரேடியோ வெரிட்டாஸின் டிரான்ஸ்மிட்டரை 1986 பிப்ரவரி 23-ல் மார்க்கோஸ் படையினர் உடைத்து விட்டார்கள். அறிவிப்பாளர் ஜூன் கீத்லி வேறொரு நிலையத்துக்குப் போய் 'ரேடியோ பண்டிடோ' என்ற பெயரில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பண்டிடோ என்றால் கொள்ளைக்காரன்!